குர்லாவில் இரண்டு மணி நேரம்

மும்பை பாண்டுப்பில் இருந்த ஷோரூமில் அந்தப் பெரிய ப்ளெக்ஸ் மெஷின், பிரேமலதாவின் முகத்தை உச்சந்தலையிலிருந்து கீழ்நோக்கி அச்சடித்துக்கொண்டு வந்தது. வகிடு வந்தது, பூ வந்தது. அதுவரை மெஷினின் பெருமைகளை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்த சேல்ஸ்மேன் ஜீஷானின் குரல், நெற்றி வந்ததும் தேய்ந்தது. மூக்கு வந்ததும் நின்றேவிட்டது.

பூலோகம் இதையெல்லாம் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கூடவே வாழ்கிற மனைவியின் முகம் ஆறடி உயரத்தில் இறங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கும்பிட்ட கைகளும் வந்து சேர்ந்ததும், "அச்சு அசல்" என்றார்.

"அங்கிள், ஏக் மினிட்" என்றான் ஜீஷான். மெஷினில் ஏதோ கோளாறு, இங்க் வருகிற ஹெட் அடைத்திருக்கிறது, கழுவிவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றான்.

பூலோகம் தாராவி கிராஸ் ரோட்டில் ப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். 'பூலோகம் டிஜிட்டல்' என்று பெயர். கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதற்கு மேலேயே வீடு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அம்மன் கோயில் கொடை விழா என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்களின் கல்யாண ப்ளெக்ஸில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் இருந்தால் போதாது. தாய்மாமன்மார், பெரியப்பாமார், கொழுந்தியாள் வீட்டுக் கைக்குழந்தை உட்பட நாற்பது முகமாவது வரிசைகட்டி நிற்க வேண்டும். ஒரு முகம் விட்டுப்போனால் ஒரு குடும்பம் பந்தியில் உட்காராது.

அத்தனை முகங்களையும் கம்ப்யூட்டரில் கோத்து நிறம் திருத்துவது பூலோகம். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இப்போது வருகிற போன்கள் எல்லா மூஞ்சியையும் வெள்ளையடித்துத்தான் அனுப்புகின்றன. போதாததற்கு வருகிறவர்களும், "அண்ணாச்சி, கொஞ்சம் செவப்பாப் போட்டுருங்க" என்று காதில் ஓதுவார்கள். பூலோகம் மசியமாட்டார். பெற்றவள் கொடுத்த நிறத்தை மாற்ற நான் யார் என்பார். ஒவ்வொரு முகமாக எடுத்து, பூச்சைக் கழித்து, அதனதன் நிறத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ப்ளெக்ஸ் கட்டியதும் ஜனங்கள் அசந்துபோவார்கள். பூலோகம் கடையில் போட்டால் ஆள் நேரில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று பெயர். தூரத்திலிருக்கிற கல்யாண் டவுனிலிருந்துகூட ரயிலேறி வந்து ஆர்டர் கொடுக்கிறார்கள். கடை மானிட்டரில் பார்க்கும்போது மட்டும் சிலர் லேசாக இழுப்பார்கள். உடனே பிரேமலதா, "மானிட்டர் பழசு, பிரிண்டுல சரியா வந்துரும்" என்று சொல்லி அனுப்பிவைப்பாள். அப்படியானால் புது மானிட்டர் வாங்கலாமே என்று பூலோகம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அநாவசியச் செலவு என்று அவள் தட்டிக்கழித்துவிட்டாள்.

கடையில் இல்லாதது அச்சடிக்கிற மெஷின்தான். பூலோகம் முடித்துக் கொடுக்கும் பைலைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, பிரேமலதா சயானில் ரயிலேறி அடுத்த ஸ்டேஷனான குர்லாவில் இறங்கி, ஜெயினுலாப்தீன் பாயின் பிரஸ்ஸுக்குப் போவாள். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்து, பிரிண்டைச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு வருவாள். மழையானாலும் அப்படித்தான், கணபதி விழாக் கூட்டமானாலும் அப்படித்தான். பதினாறு வருடமாக நடக்கிறது.

அந்த இரண்டு மணி நேரம் பூலோகத்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அடிக்கப் பத்து நிமிஷம் ஆகிற வேலைக்கு ஏன் இரண்டு மணி நேரம் என்று கேட்டால், "கியூ" என்பாள். நான் போய்ட்டு வாரேன் என்றால், நீங்கள் கடையைப் பாருங்கள் என்பாள். தான் இங்கே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்க, அவள் அங்கே ஏதோ ஒரு சந்தில், மை வாடையில், கால் கடுக்க நின்றுகொண்டிருப்பதை அவர் நினைத்துப் பார்ப்பார். அன்றைக்கு டீ இறங்காது.

அதனால்தான் இந்த வருடம் முடிவெடுத்துவிட்டார். ஆயுத பூஜைக்குள் சொந்த மெஷின். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதல் பிரிண்டாக அவள் முகத்தையே எடுத்து, இனிமேல் நீ குர்லாவில் காத்துக் கிடக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பதினாறு வருடம் சேர்த்ததெல்லாம் இந்த ஒரு மெஷினுக்குத்தான். தப்பான மெஷினை வாங்கிவிட்டால் மறுபடி வாங்க இன்னொரு ஆயுள் வேண்டும். பூஜைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதுவரை அவளுக்குத் தெரியக்கூடாது.

ஷோரூம்காரர்கள் வழக்கமாகத் தங்களிடம் இருக்கிற கிளிப் படத்தைத்தான் அடித்துக் காட்டுவார்கள். அந்தக் கிளியின் உண்மையான நிறம் யாருக்குத் தெரியும்? மெஷினைச் சோதிக்க வேண்டுமானால், நிறம் மனப்பாடமாகத் தெரிந்த ஒன்று கையில் வேண்டும். பூலோகம் சாமி படத்தை யோசித்தார். காலண்டருக்குக் காலண்டர் முருகன் வேறு நிறத்தில் இருந்தார். கடைசியில் ஒரு கல்யாண வாசலில் பிரேமலதா கும்பிட்டு நின்ற படத்தை எடுத்துக்கொண்டு, அவள் குர்லா போயிருந்த நேரமாகப் பார்த்து, நான்கு நாள் உட்கார்ந்து திருத்தினார். வாழ்நாளில் வேறெந்த முகத்துக்கும் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

அந்தப் படம்தான் இப்போது பாண்டுப்பில் இரண்டாம் தடவையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜீஷான் அதைப் பார்த்துவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிட்டான். இன்ஜினீயர் இங்க்கை மாற்றினார். மூன்றாவது பிரேமலதா வந்தாள். இன்ஜினீயர் படத்தைப் பார்த்தார், பூலோகத்தைப் பார்த்தார், பிறகு ஜீஷானை ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ பேசினார். இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து நான்காவது பிரேமலதாவை எடுத்தார்கள். ஜீஷானுக்கு உயிர் வந்துவிட்டது.

"இப்ப எக்தம் ஓகே அங்கிள். இதைப் பாருங்க."

பூலோகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான்கும் ஒன்றுதான். ஒரே மாதிரி நாலு அடித்துவிட்டு நாலாவதுதான் நல்லது என்று சொல்கிற வியாபாரத் தந்திரத்தை அவர் எத்தனை பார்த்திருப்பார். அது மட்டுமல்ல, நன்றாகத்தான் இருக்கிறது என்று வாங்க வந்தவன் சொல்லியும், விற்கிறவனே மெஷினைக் குறை சொல்கிறான் என்றால் உள்ளே பெரிய கோளாறு இருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

போகும்போது முதல் பிரிண்டைக் கேட்டார். ஜீஷான் கொடுக்கத் தயங்கினான். நாலாவதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். பூலோகம் பிடிவாதமாக நின்றதும், பிளேடை எடுத்து, ஓரத்தில் இருந்த கம்பெனி பெயரை நறுக்கிவிட்டுக் கொடுத்தான்.

அடுத்து நவி மும்பை கோபர்கைரனேயில் இன்னொரு ஷோரூம். இங்கே வீண் குழப்பம் வரக்கூடாது என்று பூலோகம் ஒரு யோசனை செய்தார். பாண்டுப் பிரிண்டைக் கையோடு கொண்டுபோய், இந்த நிறம் அப்படியே வந்தால் மெஷினை வாங்கிக்கொள்கிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். இதனால் எல்லாம் சுலபமாகிவிடும் என்று நினைத்தார்.

அங்கே மேனேஜர் அனந்தநாராயணன். மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழர், முப்பது வருடமாக இதே தொழிலில் இருப்பவர், நிதானமான மனிதர். பிரிண்டை விரித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது யாரு?"

"எங்க வீட்டுல" என்றார் பூலோகம், கொஞ்சம் வெட்கத்துடன்.

"ஓ. சௌக்கியமா இருக்காளோன்னோ? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

மாட்டுங்காக்காரர்களுக்கு எப்போதும் ஒரு மரியாதை. வியாபாரத்துக்கு முன்னால் குடும்பத்தை விசாரிக்கிறார்கள். பூலோகம் மனம் குளிர்ந்து, ஒரு குறையுமில்லை, அவள் கடைசியாகக் காய்ச்சல் என்று படுத்தே ஆறு வருடம் ஆகிறது என்றார். அனந்தநாராயணன் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். நேரில் பார்த்தாலும் இதே நிறம்தானா என்று மெதுவாகக் கேட்டார். அச்சு அசல் என்றார் பூலோகம். அதற்கு மேல் அடுத்தவன் மனைவியின் நிறத்தைப் பற்றி ஒரு கண்ணியமான மனிதர் என்ன பேச முடியும்? அனந்தநாராயணன் இரண்டு இன்ஜினீயர்களைக் கூப்பிட்டார்.

அவர்கள் மூன்று மணி நேரம் போராடினார்கள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. ஒருவழியாக நான்கு மணிக்கு, பாண்டுப் பிரிண்டுக்கும் இதற்கும் யாரும் வித்தியாசம் சொல்ல முடியாத ஒரு பிரேமலதா வெளியே வந்தாள். இன்ஜினீயர்கள் நெற்றியைத் துடைத்தார்கள். பூலோகம் அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தார்.

அனந்தநாராயணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பொய் சொல்லி விக்கறவன் இல்லை சார். இந்த செட்டிங்ல உங்காத்து மாமி மட்டும்தான் சரியா வருவா. மத்த மனுஷாளுக்கு நான் கேரண்டி இல்லை."

பூலோகம் பையை மூடி, இரண்டு பிரிண்டையும் சுருட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு முகத்துக்கு மட்டும் மெஷின் வாங்க முடியுமா? கல்யாணத்துக்கு நாற்பது முகம் வேண்டுமே. ரயிலில் வரும்போது அவருக்குத் தலை சுற்றியது. பார்த்த இரண்டு மெஷினும் பழுதில்லாமல் அடிக்கின்றன, ஆனால் விற்கிறவர்கள் இரண்டு பேருமே குறை சொல்கிறார்கள். உலகத்தில் இப்படி ஒரு வியாபாரத்தை அவர் கண்டதில்லை.

ஆறடிச் சுருள் இரண்டை அந்த வீட்டில் எங்கே ஒளிப்பது? பரணில் செருகிவைத்தார். வைத்த இரண்டாம் நாள், கொலுப்படிப் பலகையை எடுக்கப் பரணில் கைவிட்ட பிரேமலதாவின் தலைமேல் அவை விழுந்தன. பூலோகம் கடையிலிருந்து மேலே வந்தபோது, தரையில் இரண்டு பிரேமலதாக்கள் கும்பிட்டபடி படுத்திருந்தார்கள். மூன்றாமவள் பக்கத்தில் சம்மணம்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இனி மறைத்துப் பயனில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆயுத பூஜை, சந்தனம், குங்குமம், முதல் பிரிண்ட், எல்லாம். எந்தப் பிரிண்ட் நன்றாக இருக்கிறது என்று அவளையே சொல்லச் சொன்னார்.

"இதுக்குக் கலரு ஆரு பாத்தா?" என்று கேட்டாள்.

"வேற ஆரு பாப்பா? நாந்தான். முழுசா நாலு நாளு."

"இத்தன பேரு படம் கெடக்க, எம் படத்த எதுக்கு எடுத்திய?"

"எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச கலரு ஒலகத்துல அது ஒண்ணுதான புள்ள. வேற எத வச்சு மெஷினச் சோதிக்க?"

பிரேமலதா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஒரு நிமிஷம் அவருக்குத் தெரியவில்லை. கண்ணீர் வந்ததும் அழுகை என்று புரிந்துகொண்டார். பெரிய அளவில் தன் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அழுது முடித்துவிட்டு, மெஷின் வேண்டாம் என்றாள். பணத்துக்கு யோசிக்காதே என்றார் அவர். பணமில்லை, குர்லா போவது தனக்கொன்றும் கஷ்டமில்லை என்றாள்.

"ரெண்டு மணி நேரம் கால் கடுக்க நின்னுட்டு வாறியே."

"எனக்குப் பிடிச்சுத்தான் போறேன். எங் காலு நல்லாத்தான் இருக்கு. நீங்க ஒங்க வேலையப் பாருங்க."

சொல்லிவிட்டு இரண்டு படங்களையும் பத்திரமாகச் சுருட்டி, இவற்றை யாருக்கும் காட்டாதீர்கள் என்றாள். அவள் கூச்சம் அவருக்குத் தெரியும். எழுந்து போகும்போது அவர் தலைமுடியை ஒரு தடவை கோதிவிட்டுப் போனாள். பட்டப்பகலில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

அன்று பூலோகத்துக்கு அவள்மேல் வந்த பிரியத்துக்கு அளவே இல்லை. கால் வலிக்கவில்லை என்கிறாள், பிடித்துத்தான் போகிறேன் என்கிறாள். புருஷன் காசு கரையக்கூடாதென்று இப்படியும் ஒருத்தி பொய் சொல்வாளா? வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல அவருடைய பிடிவாதம் ஏறியது. மெஷின் வாங்கியே தீருவது. எந்த மெஷின் என்பதற்கும் அவருக்கு வழி தோன்றிவிட்டது. பதினாறு வருடமாகத் தன்னுடைய முகங்களை ஒரு குறை இல்லாமல் அடித்துக் கொடுப்பது ஜெயினுலாப்தீன் பாயின் மெஷின். அது என்ன மெஷின் என்று பார்த்துவிட்டு அதையே வாங்கிவிட்டால் ஆயிற்று. இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை நாள் தோன்றாமல் போனதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

மறுநாள் அவளைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, மார்க்கெட்டுக்கு என்று சொல்லி, ஒரு சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு குர்லாவுக்கு ரயிலேறினார். பதினாறு வருடத்தில் அந்தப் பிரஸ்ஸுக்கு அவர் போவது அதுதான் முதல் தடவை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவருடைய மருமகள் ரஷீதா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். போனில் பழக்கமான குரல்தான். முகம் மலர வரவேற்று, டீ சொல்லி அனுப்பினாள்.

பூலோகம் மெஷினைப் பார்த்து ஆடிப்போனார். அரதப் பழசு. ஒரு மூடி போய், அந்த இடத்தில் அட்டையை வைத்து டேப் ஒட்டியிருந்தது. ஓடும்போது டக்டக்கென்று ஒரு சத்தம் வேறு. பாண்டுப் மெஷினும் கோபர்கைரனே மெஷினும் இதற்குப் பக்கத்தில் ராஜா வீட்டுப் பிள்ளைகள். இதிலா நம்முடைய முகங்கள் அப்படி வருகின்றன என்று கேட்டார். மெஷினில் என்ன இருக்கிறது என்று ரஷீதா சிரித்தாள்.

அவர் கண் பிரேமலதா நிற்கிற இடத்தைத் தேடியது. கியூ எதுவும் காணோம். காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சுகூட இல்லை. கூட்டம் இனிமேல்தான் வரும்போலும் என்று நினைத்துக்கொண்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்க வீட்டுல இங்க வந்தா எங்கம்மா நிப்பா?"

"நிக்கவா? அக்கா இங்கல்லா உக்காருவாங்க" என்று ரஷீதா தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே, ஃபேனுக்கு அடியில் இருந்தது அது. அதன் மேலே ஒரு குஷன். குஷனுக்குப் போட்டிருந்த உறை பிரேமலதாவின் பழைய சேலைத் துணி. ஆட்கள் நல்லவர்கள், தன் மனைவியை உட்காரவைத்துத்தான் காத்திருக்கச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பூலோகத்துக்குப் பாதி பாரம் இறங்கியது.

அந்த நிம்மதியில் சுருளை மேஜைமேல் விரித்தார். ரஷீதா பேச்சை நிறுத்தவில்லை, கண்ணாடியைத் துடைக்கவில்லை, பிரேமலதாவின் உடல்நலத்தை விசாரிக்கவில்லை. தினமும் பார்க்கிற ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "ஓ, இது அக்காகிட்ட இன்னும் வராத பைலா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம், அவளுக்குத் தெரியாமல் செய்தது என்று பூலோகம் பெருமையாகச் சொன்னார். மெஷின் வாங்கப்போகிற கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். ஆயுத பூஜைக்குப் பிறகு பிரேமலதா இங்கே வந்து இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்துவிட்டது. இத்தனை வருடம் அவளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று கைகூப்பினார்.

ரஷீதாவுக்கும் கண் கலங்கியது. டீயை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"தாராளமா வாங்குங்கண்ணே, நல்ல காரியம், நீங்க பச்சையாக்கி வைக்கிற மொகத்த எல்லாம் மனுசங்க நெறத்துக்குத் திருப்பிக் கொண்டு வர்றதுக்கு, அக்கா இனிமே குர்லா வரைக்கும் ஓடிவர வேண்டாம் பாருங்க."